திரைக்குப் படம் தீட்டுவது யார்?

உங்கள் வீட்டுக் கைப்பேசியில் வெண்மையான பக்கம் ஒன்றைத் திறந்து, அதை மேசைமேல் மல்லாக்க வையுங்கள். ஈர விரலைச் சுண்டி, கடுகளவே உள்ள ஒரு நீர்த்துளியைத் திரைமேல் விழச் செய்யுங்கள். துளி பெரிதானால் பரந்து தட்டையாகிவிடும், கடுகளவுதான் வேண்டும். இப்போது அத்துளியின் வழியே உற்றுப் பாருங்கள். வெள்ளை என்று நினைத்த இடத்தில் சிவப்பு, பச்சை, நீலப் பொட்டுகள் மட்டுமே தெரியும். துளி இங்கே குவிலென்சாக வேலை செய்கிறது. வெள்ளை நிறம் அங்கே எங்குமே இல்லை!

கணிப்பொறித் திரையும் இப்படித்தான். திரை முழுவதும் நுண்ணிய புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளியிலும் இந்த மூன்று நிறங்களும் உள்ளன. எந்த நிறம் எவ்வளவு ஒளிர வேண்டும் என்பதை மூன்று எண்கள் தீர்மானிக்கின்றன. ஆகவே நீங்கள் திரையில் காணும் படம், கணிப்பொறியைப் பொறுத்தவரை வெறும் எண்களின் பட்டியல்தான். இப்பட்டியலைப் 'படப் பதிவேடு' என்று நமக்குள் அழைத்துக்கொள்வோம்.

இப்பதிவேடு எவ்வளவு பெரியது? கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்று பல வீடுகளில் உள்ள திரையில் குறுக்கே 1920 புள்ளிகள், நெடுக்கே 1080 புள்ளிகள். பெருக்கினால் 20,73,600. மூன்று நிறங்களுக்கு மூன்று பைட். கையாள வசதியாக இருக்கட்டும் என்று வழக்கமாக நான்கு பைட் ஒதுக்குவார்கள். எனவே ஒரு படத்திற்கு 82,94,400 பைட். திரை ஒரு நொடிக்கு 60 முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. அதாவது, நீங்கள் ஒன்றுமே செய்யாமல் திரையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாலும், நொடிக்கு ஏறத்தாழ 50 கோடி பைட் நினைவகத்திலிருந்து திரைக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

இங்கே இரண்டு கேள்விகள் எழுகின்றன. இந்தப் பதிவேடு யாருடைய நினைவகத்தில் இருக்கிறது? அதில் எண்களை எழுதுவது யார்? கணிப்பொறியில் ஏற்கெனவே உள்ள ஆன்போர்டு கிராபிக்ஸுக்கும், தனியாக வாங்கிப் பொருத்தும் கிராபிக்ஸ் கார்டுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இவ்விரண்டு கேள்விகளில் அடங்கிவிடுகிறது. கார்டு வாங்கலாமா வேண்டாமா என்று வீட்டில் விவாதம் நடக்கிறது என்றால், பல ஆயிரம் ரூபாய் சம்பந்தப்பட்ட அந்த விவாதத்தையும் இவ்விரண்டு கேள்விகளை வைத்தே தீர்த்துக்கொள்ளலாம்.

ஒரே ஆள், இரண்டு வேலை

1981-இல் இங்கிலாந்தில் இசட்எக்ஸ்81 என்ற சிறு கணிப்பொறி விற்பனைக்கு வந்தது. நினைவகம் ஒரே ஒரு கிலோபைட்! அதில் படம் தீட்டத் தனி ஆள் கிடையாது. கணக்குப் போடும் பிராசஸரே திரைக்கும் எழுத்துகளை அனுப்ப வேண்டும். அதனால் அதில் 'வேகம்', 'மெது' என இரண்டு நிலைகள் வைத்திருந்தார்கள். 'மெது' நிலையில் பிராசஸர் தன் நேரத்தின் பெரும்பகுதியைத் திரைக்கே செலவிடும். மிஞ்சிய நேரத்தில் கணக்குப் போடும். 'வேகம்' நிலையில் கணக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு விரைவாக முடியும். ஆனால் முடியும் வரை திரையில் ஒன்றும் தெரியாது! சமைப்பவரே பரிமாறவும் வேண்டிய பந்தியைப் போன்ற நிலை அது. அவர் பரிமாற வந்தால் அடுப்பைப் பார்க்க ஆளில்லை.

அதே ஆண்டு வந்த பிபிசி மைக்ரோ இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. 1984-இல் நம் நாட்டில் பள்ளிகளுக்காகத் தொடங்கப்பட்ட 'கிளாஸ்' என்னும் கணிப்பொறிக் கல்வித் திட்டத்தில் இந்தக் கணிப்பொறிதான் வழங்கப்பட்டது. உங்கள் பள்ளியின் மூத்த ஆசிரியர் யாரேனும் அதைத் தொட்டுப் பார்த்திருக்கக்கூடும். அதில் படத்தைத் திரைக்கு அனுப்பத் தனிச் சுற்று இருந்தது. நினைவகம் மட்டும் பொது. பிராசஸர் நொடிக்கு 20 லட்சம் முறை நினைவகத்தைத் தொடும். நினைவகமோ 40 லட்சம் முறை தொட இடம் கொடுக்கும். ஒரு முறை பிராசஸருக்கு, அடுத்த முறை திரைக்கு என்று மாறி மாறிக் கொடுத்ததால் எவரும் எவருக்காகவும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

நேரத்தைப் பங்கிட்டாயிற்று, இடத்தை எப்படிப் பங்கிடுவது? அதன் நினைவகம் மொத்தம் 32 கிலோபைட். 640க்கு 256 புள்ளிகள் கொண்ட நுட்பமான படம் வேண்டுமானால் 20 கிலோபைட்டைப் படப் பதிவேடே எடுத்துக்கொள்ளும். கணிப்பொறி தன் சொந்த இயக்கத்துக்கு ஒதுக்கியதும் போக, நிரல் எழுத மாணவனுக்கு மிஞ்சியது சுமார் எட்டரை கிலோபைட்! படம் அழகாக வேண்டுமென்றால் நிரல் சிறியதாக இருக்க வேண்டும். நிரல் பெரியதென்றால் படத்தை விட்டுக்கொடுக்க வேண்டும்.

ஐபிஎம் நிறுவனம் அதே 1981-இல் வெளியிட்ட கணிப்பொறியில் வேறு வழியைக் கையாண்டது. படத்திற்கென ஒரு தனிப் பலகை. அதில் அதற்கே சொந்தமான 16 கிலோபைட் நினைவகம். 320க்கு 200 புள்ளிகள், நான்கு நிறங்கள். நான்கு நிறங்களைக் குறிக்க ஒரு புள்ளிக்கு இரண்டு பிட் போதும். 64,000 புள்ளிகளுக்கு 16,000 பைட். 16 கிலோபைட்டில் கச்சிதமாக அடங்கிவிட்டது. கிராபிக்ஸ் கார்டு என்பதன் தொடக்க உருவங்களில் இது ஒன்று.

அதன்பின் படம் தீட்டும் பகுதி ஓரிடத்தில் நிலையாக இருந்ததே இல்லை. 1987-இல் ஐபிஎம் தன் புதிய கணிப்பொறிகளில் அதை மதர்போர்டிலேயே வைத்தது. 1996-இல் வூடூ என்ற கார்டு முப்பரிமாணப் படங்களுக்கு மட்டுமென்று வந்தது. சாதாரணப் படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கார்டு இருந்தாக வேண்டும்! 1999-இல் இன்டெல் நிறுவனம் மதர்போர்டின் துணைச் சில்லு ஒன்றுக்குள் படம் தீட்டும் சுற்றைச் சேர்த்தது. 2011 முதல் பிராசஸரின் அதே சிலிக்கான் துண்டிலேயே அது இடம்பிடித்தது. ஆகவே, இன்றைய ஆன்போர்டு கிராபிக்ஸ் உண்மையில் 'போர்டில்' இல்லை, பிராசஸருக்குள் இருக்கிறது. பழைய பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

நெரிசல் எங்கே?

இன்றைய ஆன்போர்டு கிராபிக்ஸை இசட்எக்ஸ்81-உடன் ஒப்பிட்டால் அது கோபித்துக்கொள்ளும். படம் தீட்டத் தனிச் சுற்றுகள் உள்ளன; திரைப்படம் ஓட்டுவதற்கென்றே ஒரு பகுதி உண்டு. ஆனால் பிபிசி மைக்ரோவின் பழைய பிரச்சினை அப்படியே இருக்கிறது. நினைவகம் பொது!

'டிடிஆர்4-3200' என்று குறிக்கப்பட்ட ராம் பலகை ஒன்று உங்கள் கணிப்பொறியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது நொடிக்கு 320 கோடி முறை, முறைக்கு 8 பைட் வீதம் கொடுக்கும். அதாவது நொடிக்கு 2,560 கோடி பைட். திரையைப் புதுப்பிக்க 50 கோடி பைட் போதும் என்று பார்த்தோம். இதில் நெரிசலுக்கு இடமே இல்லையே என்று கேட்பீர்கள். சரியான கேள்வி.

படிக்க, எழுத, படம் பார்க்க என்ற அளவில் உண்மையிலேயே நெரிசல் இல்லை. முப்பரிமாண விளையாட்டு ஒன்றைத் திறக்கும்போதுதான் கதை மாறுகிறது. சுவர் ஒன்று தெரிகிறது என்றால், அந்தச் சுவரின் ஒவ்வொரு புள்ளிக்கும் செங்கல்லின் படத்தை நினைவகத்திலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டும். சுவருக்கு முன்னால் வேறு பொருள் ஏதும் மறைக்கிறதா என்று தொலைவு எண்ணைப் பார்க்க வேண்டும். நிழலைப் பார்க்க வேண்டும். பிறகு எழுத வேண்டும். அதன்மேல் புகை வந்தால் எழுதியதைத் திரும்பப் படித்து, கலந்து, மறுபடி எழுத வேண்டும். ஒரு புள்ளிக்கு 30 முறை இப்படி நினைவகத்தைத் தொடுவதாகக் கொள்ளுங்கள். 50 கோடி, 1,500 கோடியாகிவிடும்! இருக்கும் 2,560 கோடியில் பாதிக்கு மேல் போய்விட்டது. மிச்சத்தில்தான் பிராசஸர் தன் வேலையைச் செய்ய வேண்டும். (சில்லுக்குள்ளேயே உள்ள சிறு நினைவகங்கள் இந்தப் போக்குவரத்தைச் சற்றுக் குறைக்கும். ஆனால் நெரிசலின் தன்மை மாறாது.)

பொதுவாக இருப்பது நினைவகம் மட்டுமன்று. வெப்பமும் பொது. 65 வாட் என்று குறிக்கப்பட்ட பிராசஸரில் கணக்கிடும் பகுதியும் படம் தீட்டும் பகுதியும் அந்த வாட்டையே பங்கிட்டுக்கொள்கின்றன.

தனிக் கார்டில் என்ன நடக்கிறது? முதலாவது, ஆட்கள் அதிகம். தேர்ந்த ஒருவர் தெரு முழுவதும் கோலம் போடுவதைவிட, வீட்டுக்கு ஒருவர் வந்து அவரவர் வாசலில் போட்டால் தெரு எவ்வளவு விரைவில் நிறையும்! ஒரு புள்ளியின் நிறத்தைக் கணக்கிட அடுத்த புள்ளியின் விடை வேண்டியதில்லை என்பதால் படம் தீட்டும் வேலை இப்படிப் பிரித்துக் கொடுக்க ஏற்றது. 2021-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060 என்ற கார்டில் இத்தகைய சிறு கணக்கர்கள் 3,584 பேர்.

இரண்டாவது, நினைவகம் சொந்தம். அதுவும் அகலமான பாதையுடன். அதே கார்டில் 12 ஜிகாபைட் நினைவகம் உள்ள வகை, நொடிக்கு 36,000 கோடி பைட் கொடுக்கிறது. 2019-இல் வந்த, அதைவிட எளிய ஜிடிஎக்ஸ் 1650 கார்டின் முதல் வகை 12,800 கோடி பைட் கொடுக்கிறது. நம் ராமின் 2,560 கோடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், இவ்விரண்டில் சிறிய கார்டுகளுக்கு இரண்டாவதுதான் முக்கியம் என்பேன். இதற்கு நல்ல சாட்சி ஜிடி 1030 என்ற கார்டு. 2017-இல் அது வந்தபோது அதன் நினைவகம் ஜிடிடிஆர்5 வகை. நொடிக்கு 4,800 கோடி பைட். 2018-இல் அதே பெயரில் இன்னொன்று வந்தது. நினைவகம் டிடிஆர்4 வகை. நொடிக்கு 1,680 கோடி பைட் மட்டுமே! பெட்டியின்மேல் பெயர் ஒன்றே. நினைவக அளவும் ஒன்றே, 2 ஜிகாபைட். வேகமோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. நாம் கணக்கிட்ட ஒற்றை ராம் பலகையைவிடவும் இது குறைவு என்பதைக் கவனித்தீர்களா? 'எத்தனை ஜிபி?' என்று மட்டும் கேட்டுக் கார்டு வாங்குபவர் ஏமாறுவது இங்கேதான். தண்ணீர்த் தொட்டி எவ்வளவு பெரியது என்று கேட்டவர் குழாயின் அகலத்தைக் கேட்க மறந்துவிட்டார்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை

விளையாட்டு திக்கித் திக்கி ஓடுகிறது. குற்றம் யாருடையது? பிராசஸர் மெதுவாக இருந்தால், எவ்வளவு விலையுயர்ந்த கார்டைப் பொருத்தினாலும் திக்கல் போகாது. இதைக் காசு செலவின்றிக் கண்டுபிடிக்க வழி உண்டு.

விளையாட்டின் அமைப்புப் பகுதிக்குச் சென்று, 1920க்கு 1080 என்றிருக்கும் புள்ளி அளவை 1280க்கு 720 ஆகக் குறையுங்கள். வேறு எதையும் மாற்ற வேண்டாம். இப்போது தீட்ட வேண்டிய புள்ளிகள் 9,21,600. முன்பிருந்ததில் பாதிக்கும் குறைவு. ஆனால் ஆட்டத்தின் விதிகள், எதிரிகளின் நகர்வு, ஒலி எல்லாம் பிராசஸருக்கு முன்பிருந்த அதே வேலைதான். அதே இடத்தில் அதே காட்சியை ஆடிப் பாருங்கள். ஓட்டம் சீரடைந்தால் நெரிசல் படம் தீட்டும் பக்கம் இருக்கிறது, கார்டு உதவும். சிறிதும் மாறவில்லையெனில் பிராசஸர்தான் மூச்சு வாங்குகிறது, கார்டு உதவாது. வேதியியல் கூடத்தில் ஒரே ஒரு காரணியை மட்டும் மாற்றிப் பார்க்கச் சொல்வார்களே, அதே முறைதான் இது.

விண்டோஸ் 10 அல்லது 11 இருந்தால், கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிராசஸர், கிராபிக்ஸ் இரண்டின் உழைப்பையும் சதவீதமாகக் காணலாம். எது நூறை ஒட்டி நிற்கிறது என்று பாருங்கள். ஆனால் ஒன்றை மறவாதீர்கள். நான்கு உட்கருக்கள் கொண்ட பிராசஸரில் ஒன்று மட்டும் முழு மூச்சாக ஓடினால் அது 25 சதவீதம் என்றே காட்டும். ஆகவே சதவீதத்தைவிட மேலே சொன்ன சோதனையையே நான் நம்புவேன்.

இன்னொரு வழியையும் முயன்று பாருங்கள். உங்கள் கணிப்பொறியில் ஒரே ஒரு ராம் பலகை இருக்கிறதா? அதற்கு இணையான இன்னொன்றை, மதர்போர்டுக் குறிப்பேடு சொல்லும் சரியான இடத்தில் பொருத்தினால், இரண்டும் ஒரே நேரத்தில் பைட்டுகளைக் கொடுக்கும். 2,560 கோடி 5,120 கோடியாகிவிடும். ஆன்போர்டு கிராபிக்ஸுக்கு இதைவிட நல்ல சத்துணவு கிடையாது. கார்டின் விலையில் சிறு பகுதிதான் ஆகும்.

மின்சாரக் கணக்கு

சோதனை செய்தாயிற்று, கார்டுதான் தேவை என்று முடிவாயிற்று. கடைக்குப் போகுமுன் பெட்டியின் பக்கத் தகட்டைத் திறந்து மூன்றைப் பாருங்கள்.

முதலில் இடம். மதர்போர்டில் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் நீளமுள்ள, மற்றவற்றைவிட நீண்ட ஒரு பள்ளம் இருக்க வேண்டும். 2004 முதல் கிராபிக்ஸ் கார்டுகள் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்னும் இப்பள்ளத்திலேயே பொருந்துகின்றன. அதன் பின்னால் எவ்வளவு நீளம் காலியாக உள்ளது என்று அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். அலுவலகத்தில் கழித்துவிட்ட கணிப்பொறியை மலிவாக வாங்கி வந்திருந்தால் பெட்டி ஒல்லியாக இருக்கும். அதற்குக் குட்டையான கார்டே நுழையும்.

அடுத்து மின்சாரம். இதில்தான் அவசரப்படக் கூடாது. மேற்சொன்ன பள்ளத்தின் வழியே ஒரு கார்டு அதிகமாக 75 வாட் வரை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டுமானால் மின் வழங்கியிலிருந்து தனிக் கம்பி வர வேண்டும். ஆறு முனை இணைப்பு 75 வாட்டும், எட்டு முனை இணைப்பு 150 வாட்டும் கொண்டுவரும். ஜிடிஎக்ஸ் 1650 75 வாட் கார்டு. ஆர்டிஎக்ஸ் 3060 170 வாட்.

பத்தாம் வகுப்பில் படித்ததை நினைவுகூருங்கள். திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் வருவது. கார்டுக்குச் செல்வது பெரும்பாலும் 12 வோல்ட். 170-ஐ 12-ஆல் வகுத்தால் 14 ஆம்பியருக்கும் சற்று அதிகம்! வீட்டில் பெரிய மின்விசிறிகூட அரை ஆம்பியரைத் தாண்டாது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் கம்பியில் தோன்றும் வெப்பம் நான்கு மடங்காகும் என்பதும் உங்களுக்குத் தெரியும். எனவே, கம்பியும் இணைப்பும் அதற்கென்றே செய்யப்பட்டவையாக இருக்க வேண்டும்.

உரிய முனை மின் வழங்கியில் இல்லையென்றால், வன்தட்டுக்குச் செல்லும் சாட்டா மின்முனையிலிருந்து எடுத்துக்கொள்ள மாற்று இணைப்புகள் கடையில் கிடைக்கின்றன. வாங்காதீர்கள். சாட்டா முனையில் 12 வோல்ட்டுக்கான ஊசிகள் மூன்று, ஊசிக்கு 1.5 ஆம்பியர் வீதம் 4.5 ஆம்பியர். 12-ஆல் பெருக்கினால் 54 வாட். அதன் தலையில் 75 வாட்டையோ 150 வாட்டையோ ஏற்றினால் அது சூடேறி உருகும், தீப்பிடிக்கவும் கூடும். தனிக் கம்பி கேட்காத 75 வாட் கார்டைத் தேர்ந்தெடுப்பது, அல்லது மின் வழங்கியையும் சேர்த்து மாற்றுவது, இரண்டில் ஒன்றுதான் சரி. மின் வழங்கியின் பக்கத்தில் ஒட்டியுள்ள சீட்டில் மொத்த வாட் அச்சாகியிருக்கும். கார்டின் பெட்டியிலும் தேவையான வாட் இருக்கும். இரண்டையும் எழுதிவைத்து ஒப்பிடுங்கள்.

மூன்றாவது, திரையின் பின்புறம் உள்ள வாய். பழைய திரையில் நீல நிற விஜிஏ வாய் மட்டும் இருந்தால், புதிய கார்டுகளில் பல அதற்கு நேரடியாக இணையா.

பொருத்துதல்

கணிப்பொறியை நிறுத்திச் சுவரிலிருந்து மின்கம்பியையும் பிடுங்கிவிடுங்கள். பிறகு தொடக்கப் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மின்தேக்கிகளில் மிஞ்சியிருக்கும் மின்னூட்டம் வடியும். மின் வழங்கிப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். அதன் உள்ளே உள்ள மின்தேக்கிகள் இணைப்பைப் பிடுங்கிய பின்னும் ஆபத்தானவை.

கார்டைத் தொடுமுன் பெட்டியின் பூச்சில்லாத உலோகப் பகுதியைத் தொடுங்கள். ஏன் தெரியுமா? பாலியெஸ்டர் சட்டையுடன் நாற்காலியில் தேய்த்து எழுந்தாலே நம் உடலில் நிலைமின்சாரம் சேர்ந்துவிடும். ஏறத்தாழ 3,000 வோல்ட்டுக்குக் குறைவாக இருந்தால் விரலில் 'சுள்' என்று படுவதைக்கூட நாம் உணர்வதில்லை. சில்லுகளுக்கோ அதில் பத்தில் ஒரு பங்கே போதும், கெட்டுப்போவதற்கு. உங்களுக்குத் தெரியாமலேயே கார்டைக் கொன்றுவிடலாம்! ஆகவே வேலை முடியும்வரை அவ்வப்போது உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள். கார்டை விளிம்பில் மட்டுமே பிடியுங்கள்.

பெட்டியின் பின்புறத்தில், பள்ளத்துக்கு நேரே உள்ள சிறு தகட்டைக் கழற்றுங்கள். கார்டைப் பள்ளத்தில் நேராக வைத்து, சீராக அழுத்துங்கள். பள்ளத்தின் கோடியில் உள்ள கொக்கி 'டிக்' என்று மாட்டிக்கொள்ளும். பின்புறத் திருகை முடுக்குங்கள். தனி மின்கம்பி வேண்டிய கார்டானால் அதையும் செருகுங்கள். இவ்வளவுதான், பொருத்துவதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

கணிப்பொறியை ஓடவிடுகிறீர்கள். திரை இருட்டாகவே இருக்கிறது! பலருக்கு இப்படி நேர்வதுண்டு. கார்டு கெட்டுவிட்டது என்று கலங்குமுன் திரைக் கம்பி எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். பழக்கத்தில் மதர்போர்டின் வாயிலேயே செருகியிருப்பீர்கள். கார்டு இருப்பதைக் கண்டதும் பல மதர்போர்டுகள் ஆன்போர்டு கிராபிக்ஸைத் தாமாகவே ஓய்வுக்கு அனுப்பிவிடும். அந்த வாயிலிருந்து இனி படம் வராது. கம்பியைக் கார்டின் வாய்க்கு மாற்றுங்கள். சில மதர்போர்டுகளில் பழைய வாயும் உயிரோடு இருக்கும். அங்கே வேறு கூத்து நடக்கும்: படம் வரும், ஆனால் விளையாட்டு பழையபடியே திக்கும், புதிய கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும்.

முதலில் வரும் படம் எழுத்துகள் பெரிதாகி, கரடுமுரடாக இருக்கலாம். கார்டின் முழுத் திறமையையும் இயக்க முறைமைக்குச் சொல்லிக்கொடுக்கும் டிரைவர் மென்பொருள் இன்னும் ஏறவில்லை என்பதே பொருள். கார்டைத் தயாரித்த நிறுவனத்திடமிருந்தே அதைப் பெற்று நிறுவுங்கள். நிறுவிய பின், முன்பு செய்த அதே சோதனையை அதே காட்சியில் மறுபடி செய்து எழுதிவையுங்கள். ஆன்போர்டு கிராபிக்ஸ் தனக்கென ஒதுக்கி வைத்திருந்த ராம் பகுதியும் பல கணிப்பொறிகளில் பிராசஸருக்கே திரும்பிவிடும்.

ஒரு வரம்பு மட்டும் மீதமிருக்கிறது. விளையாட்டு கேட்கும் படங்கள் கார்டின் சொந்த நினைவகத்தில் கொள்ளாவிட்டால், மிச்சத்தை ராமிலிருந்து பள்ளத்தின் வழியேதான் கொண்டுவர வேண்டும். பிசிஐ எக்ஸ்பிரஸின் மூன்றாம் தலைமுறைப் பள்ளம், முழு அகலத்தில், நொடிக்குச் சுமார் 1,600 கோடி பைட் கடத்தும். 12,800 கோடிக்குப் பழகிய கார்டுக்கு அது ஒற்றையடிப் பாதை! நன்றாக ஓடிக்கொண்டிருந்த காட்சி திடீரென்று நின்று நின்று போனால், அதற்கு இது காரணமாக இருக்கலாம். படங்களின் தரத்தை ஒரு படி குறைத்தால் சரியாகிவிடும்.

பழைய ஆன்போர்டு கிராபிக்ஸ் என்ன ஆயிற்று? அது எங்கும் போகவில்லை. பிராசஸருக்குள் இருப்பதை எப்படிக் கழற்றுவது? 'மாற்றினோம்' என்று சொல்கிறோமே தவிர, உண்மையில் படம் வரும் வழியைத்தான் மாற்றியிருக்கிறோம். ஒருநாள் கார்டு கெட்டுப்போனால் அதை எடுத்துவிட்டுக் கம்பியைப் பழைய வாயில் செருகுங்கள். கணிப்பொறி வேலை செய்யும். ஆனால் எல்லாப் பிராசஸர்களுக்கும் இந்த வசதி இல்லை. இன்டெல் 2019 முதல் விற்கும் மேசைக் கணிப்பொறிப் பிராசஸர்களில், எண்ணின் இறுதியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் அதில் படம் தீட்டும் பகுதி வேலை செய்யாது. அத்தகைய கணிப்பொறியில் கார்டு போனால் திரையும் போயிற்று.

கழற்றிய தகட்டையும் அதன் திருகையும் ஓர் உறையிலிட்டு மேசை இழுப்பறையில் வையுங்கள். பிற்பாடு கார்டை எடுக்க நேர்ந்தால் பின்புறத் துளையை மூட அது வேண்டியிருக்கும். மூடாத துளை வழியே தூசி நுழையும். நம் ஊர் வீடுகளில் கரப்பான் பூச்சியும் நுழையும்.